பீரங்கி வெடிக்கும் நாள்

வார்டோ தீவில் நவம்பர் கடைசியில்
சூரியன் மறையும்.
இரண்டு மாதம் வராது.
ஜனவரியில் முழு வட்டமாய் அது மேலேறும் நாளில்
கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள்.
பள்ளிக்கு விடுமுறை.

ஐலிவின் அம்மா மாரித்
அதே வாரம் மறைந்தாள்.
மறைந்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னோம்.
போதகர் சொன்னார், மளிகைக் கடைக்காரர் சொன்னார்,
இருபது வருடமாய் இந்தப் பள்ளிக்குச் செவிலி,
நானும் சொன்னேன்.
மெத்தென்ற சொல். வாய்க்கு வலிக்காது.

ஆறு வயதுக்காரனுக்கு அது
ஒரு தேதி.

டிசம்பரில் என் அறைக்கு வந்து
காலண்டர் கேட்டான். கொடுத்தேன்.
எண்ணிக்கை நன்றாக வருகிறது என்று
அவன் டீச்சரிடம் பெருமை பேசினேன்.
அம்மாவின் கையுறையைத் தினமும்
ஹீட்டர்மேல் காயவைக்கிறானாம்,
காய்ந்த கையுறையை.
அவன் அப்பா ஆர்ன்ஃபின் சொன்னபோதும்
எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரியில் ஒரு திங்கள்,
வயிற்றுவலி என்று வந்தான்.
"பீரங்கி வெடிச்சதும் அம்மா
வீட்டுக்கு வருவாங்களா, இங்க வருவாங்களா?
நான் எங்க நிக்கணும்?"

குனிந்து அவன் ஷூ லேஸைக் கட்டப்போனேன்.
கட்டித்தான் இருந்தது.
அவிழ்த்துக் கட்டினேன்.
பிறகு சொன்னேன்:
அம்மா செத்துப்போயிட்டாங்க, ஐலிவ்.
அவங்க உடம்பு நின்னுபோச்சு. மூச்சு இல்ல.
குளிராது. பசிக்காது.
சூரியன் வரும். அவங்க வரமாட்டாங்க.

"மீன் சூப் வேண்டாம்னு கத்தினேன். அதனாலயா?"
இல்லை. கத்தினதால யாரும் சாகமாட்டாங்க.
"அப்பா சாவாரா?"
ஒருநாள். ரொம்ப நாள் கழிச்சுன்னு நினைக்கிறேன்.
"சத்தியம் பண்ணு."
பண்ண முடியாதுடா.

என் மேசைக் காலை உதைத்தான்.
ஏழு உதை. எட்டாவது என் முழங்காலில்.
வெளியே பந்து உருளும் சத்தம் கேட்டதும்
"போகட்டுமா?" என்றான், பதிலுக்கு நிற்காமல் ஓடினான்.
நண்பகல் இருட்டில், விளக்குக் கம்பத்தடியில்
ஒரு கோல் போட்டு
இரண்டு கையும் தூக்கிக் குதித்தான்.
நான் அழுதது அதற்குத்தான்.

இரவு ஆர்ன்ஃபின் போன் செய்தார்.
யாரைக் கேட்டுச் சொன்னீங்க என்றார்.
அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை,
அவருக்குப் பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம்.
"நான் சொல்லியிருக்கணும்," என்றார்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கையுறையை எடுத்துடாதீங்க என்றேன்.

முதல் நாள் மேகம்.
இரண்டாம் நாள் கடலும் வானமும் ஒரே பனி.
மூன்றாம் நாள் வெடித்தது.
எல்லாப் பிள்ளைகளும் கூச்சலிட்டு ஓட,
ஐலிவ் காதைப் பொத்திக்கொண்டு
துறைமுகச் சாலையையே பார்த்து நின்றான்.
ஒருவேளை.
நான் பக்கத்தில் நின்றேன்.
அன்றைக்கென்று சுடும் இனிப்பு பன்னை நீட்டினேன்.
பாதி தின்றான்.
"நீ சொன்னது சரிதான்,"
உதட்டில் சர்க்கரையோடு.
மீதியைப் பிறகு தின்பதற்கென்று
பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

இப்போது வியாழன்தோறும் வருகிறான்.
கதவைத் தட்டுவதில்லை.
"இன்னும் செத்துதான் இருக்காங்களா?"
"ஆமாம்."
"சரி."
சில வாரம் அழுகிறான். சில வாரம்
என் ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகிறான்.

மார்ச்சில் துரிட் வந்தாள், அவன் அக்கா.
பதினொரு வயது. தம்பியைக் கிளப்புகிறாள்,
அப்பாவுக்குக் காபி போடுகிறாள்.
கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்கிறாள்
என்று சொல்லிச் சொல்லியே
ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
சுட்டுவிரலை நீட்டினாள்.
"வெட்டிடுச்சு."

விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு கீறல்கூட இல்லை.
மருந்து தடவி, பஞ்சு வைத்து,
எவ்வளவு மெதுவாகக் கட்டமுடியுமோ
அவ்வளவு மெதுவாகக் கட்டினேன்.

"ஆழமா இருக்கு," என்றேன்.
"நாளைக்கும் வா. கட்டு மாத்தணும்."